‘ஒருமாதிரி’ என்ற சொல்லால் வந்த வினை

ஈஸ்ட்ஹாம், லண்டன்
21.09.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் சென்ற கிழமை கிடைத்தது. வழக்கம்போல ‘நான் நல்ல சுகம், உங்கள் சுகம் எப்படி’ என்று தொடங்கப் பேனாவை எடுத்துவிட்டு, அந்த வரியை எழுதாமலே விட்டேன். இங்கு வந்த நாள் முதலாக நான் அனுப்பிய எல்லாக் கடிதங்களிலும் அது இருந்திருக்கிறது. ‘கை கொஞ்சம் உளைவு’ என்பதற்கு மேல் என் வருத்தத்தைப் பற்றி உங்களிடம் நான் எதுவும் சொன்னதில்லை. அது வெறும் உளைவு அல்ல, முடக்குவாதம். நான்கு ஆண்டுகளாக மெதொட்ரெக்சேட் என்னும் மாத்திரையைக் கிழமைக்கு ஒரு நாள் எடுத்துக்கொண்டிருக்கிறேன். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்குவதற்கே ஒன்றரை மணித்தியாலம் ஆகிறது. குளிர்சாதனக் களஞ்சியத்தில் சாண்ட்விச் பொதிசெய்யும் வேலையை இதனால்தான் அரை நேரமாகக் குறைத்தேன்.

‘உனக்கு அரசாங்கம் காசு கொடுக்கிறதாமே’ என்று கேட்டிருந்தீர்கள். யார் சொன்னார்களோ தெரியவில்லை, ஆனால் உண்மைதான். இயலாமை உள்ளவர்களுக்கு இந்நாட்டில் ‘பிப்’ என்ற கொடுப்பனவு 2013 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. நம்மவர்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் ‘பெனிபிற் காசு’ என்று சொல்லி முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் இது வறுமைக்காகக் கொடுக்கப்படுவது அன்று. கணவரின் சம்பளத்தையும் சேமிப்பையும் இதற்குப் பார்ப்பதில்லை. வேலை செய்துகொண்டும் பெறலாம். விசாவில் ‘பொதுநிதி உதவி இல்லை’ என்ற நிபந்தனையோடு இருப்பவர்களுக்கு மட்டும் பொதுவாக இது கிடையாது. நாங்கள் பிரசாவுரிமை எடுத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன என்பதால் அந்தத் தடை எங்களுக்கு இருக்கவில்லை.

நோயின் பெயரைச் சொன்னால் காசு வந்துவிடும் என்றுதான் நானும் முதலில் நினைத்திருந்தேன். அவர்களுக்கு நோயின் பெயர் பெரிதல்ல; அந்த நோயோடு உங்களால் என்ன செய்ய முடியவில்லை என்பதே கணக்கு. சமைத்தல், சாப்பிடுதல், மருந்து எடுத்தல், குளித்தல், உடுத்துதல் என்று அன்றாட வாழ்வுக்குப் பத்துக் காரியங்களும், நடமாட்டத்துக்கு இரண்டு காரியங்களும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடுகிறார்கள். அன்றாட வாழ்வுப் பகுதியில் எட்டுப் புள்ளி எடுத்தால் சாதாரணத் தொகை, பன்னிரண்டு எடுத்தால் உயர் தொகை. பள்ளிக்கூடத்தில் புள்ளிக்காக இரவிரவாகப் படித்த நமக்கு, இயலாமைக்குப் புள்ளி என்பது முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது.

2024 ஜனவரியில் தொலைபேசியில் விண்ணப்பித்தேன். தடித்த படிவம் ஒன்று வந்தது. ஒரு மாதத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். ‘எளிய சாப்பாடு ஒன்றைச் சமைக்க முடியுமா?’ என்ற கேள்விக்கு நான் எழுதிய பதில் ஒரே வரி: ‘முடியும், சற்று நேரம் எடுக்கும்.’ அதை எழுதும்போது அம்மா பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது. வீட்டுக்காரனுக்கும் பிள்ளைக்கும் சமைத்துக் கொடுக்க முடியவில்லை என்று ஒரு பெண் தன் கையால் எழுதிக் கொடுப்பதாவது என்ற கூச்சம்.

ஜூனில் மதிப்பீட்டுக்கு அழைத்தார்கள். மதிப்பீட்டைச் செய்வது இக்கொடுப்பனவைத் தரும் அரசாங்கத் திணைக்களம் அன்று. அதற்கென்று ஒப்பந்தம் எடுத்த ஒரு தனியார் நிறுவனத்தின் சுகாதார ஊழியர். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். இத்தனை காலம் இங்கிருந்துவிட்டு அது வேண்டும் என்று சொல்ல வெட்கப்பட்டு, வேண்டாம் என்றுவிட்டேன். அந்தப் பெண்பிள்ளை மரியாதையாகத்தான் பேசினார். சமையலைப் பற்றிக் கேட்டபோது, நம் ஊரில் ‘ஒருமாதிரிச் செய்துபோடுவன்’ என்போமே, அதை ஆங்கிலத்தில் சொல்லுவதாக நினைத்து ‘ஐ மனேஜ்’ என்றேன். குளிப்புக்கும் ‘ஐ மனேஜ்’, உடுப்புக்கும் ‘ஐ மனேஜ்’. போகும்போது கை கொடுத்துச் சிரித்துவிட்டும் வந்தேன்.

ஓகஸ்டில் மறுப்புக் கடிதம் வந்தது. சமையலுக்கு இரண்டு, உடுத்துவதற்கு இரண்டு, ஆக மொத்தம் நான்கு புள்ளிகள், நடமாட்டத்துக்குப் பூச்சியம். மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியைக் கேட்டு எடுத்துப் படித்தபோதுதான் வயிறு எரிந்தது. நான் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்ததும், முகம் வாடாமல் பேசியதும், தினமும் சோறு கறி சமைப்பதாகக் கூறியதும் அதில் இருந்தன. அக்கா, அதில் ஒரு பொய்யும் இல்லை என்பதுதான் பெரிய கஷ்டம். நான் சொன்னதைத்தான் எழுதியிருந்தார்.

இனி விட்டுவிடுவோம் என்றுதான் இருந்தேன். அங்கே அரசாங்கம் கொடுக்கும் அஸ்வெசும நிவாரணப் பட்டியலில் பெயர் வரவில்லை என்று பக்கத்து வீட்டு மாமிக்கு நீங்கள் இருந்து மேன்முறையீடு எழுதிக் கொடுத்ததாக முன்பு ஒரு கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அது நினைவுக்கு வந்து, சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த முதியவர் என் படிவத்தைப் படித்துவிட்டு, ‘இதை எழுதியவருக்கு ஒரு குறையும் இல்லையே’ என்றார். ஒரு காரியத்தைச் செய்ய முடியும் என்றால், ஆபத்தில்லாமல், ஒழுங்காக, தேவைப்படும் போதெல்லாம், மற்றவர்கள் எடுக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேற்படாமல் செய்ய முடிய வேண்டும் என்பதே சட்டம் என்றும், பாதிக்கு மேற்பட்ட நாட்களில் அது முடியாவிட்டால் முடியாது என்றே கொள்ளப்படும் என்றும் அவர்தான் விளக்கினார். ஒரு கொப்பியில் நாள்தோறும் நடப்பதை எழுதச் சொன்னார். மூன்று கிழமை எழுதிவிட்டுத் திருப்பிப் பார்த்தபோது, இவ்வளவையும் மறைத்துக்கொண்டா இருந்தேன் என்று எனக்கே திகைப்பாயிருந்தது.

இங்கு நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. மறுப்புக் கடிதத்தின் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் அதே திணைக்களத்திடம் ‘கட்டாய மீள்பரிசீலனை’ கேட்க வேண்டும். கேட்டேன், நவம்பரில் அதே நான்கு புள்ளிகள் திரும்பி வந்தன. பலர் களைத்துப்போய் நிறுத்திவிடுவது இந்த இடத்தில்தானாம். ஆனால் விசாரணை வரைக்கும் போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வெல்கிறார்கள் என்று அந்த முதியவர் சொன்னார். அதற்கும் ஒரு மாதத் தவணைதான், கட்டணம் இல்லை. டிசம்பரில் முறையீட்டை அனுப்பினேன். எல்லாக் காகிதங்களையும் சேர்த்துப் பக்க எண் போட்ட பெரிய கட்டு ஒன்று வீட்டுக்கு வந்தது. அதைக் கதவடியிலிருந்து தூக்கி வர என்னால் முடியவில்லை.

விசாரணை இவ்வாண்டு ஜூலையில் நடந்தது. நீதிமன்றம் என்றதும் கூண்டும் கறுப்பு அங்கியும்தான் என் நினைவில் இருந்தன. அங்கே ஒரு மேசை, அதன் மறுபக்கம் மூன்று பேர். ஒருவர் நீதிபதி, ஒருவர் வைத்தியர், மற்றவர் இயலாமையைப் பற்றி அனுபவமுள்ளவர். மூவருக்கும் திணைக்களத்தோடு தொடர்பில்லை. இம்முறை மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கியிருந்தேன். தமிழ்நாட்டுப் பெண் ஒருவர் வந்திருந்தார். சமையலைப் பற்றி வைத்தியர் கேட்டதும், பழைய குணம் போகாமல், ‘ஒருமாதிரிச் சமைப்பன்’ என்று வாய் தவறிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் சற்றுத் தயங்கினார். பிறகு நீதிபதியிடம் அனுமதி கேட்டு, தம்முடைய ஊரில் ‘ஒரு மாதிரி’ என்றால் சரியில்லாத, விபரீதமான ஒன்றைக் குறிக்கும், இவர் எதைக் கருதுகிறார் என்று கேட்கலாமா என்றார். என்னிடம் கேட்டபோது, ‘பெரும்பாடுபட்டு’ என்று சொன்னேன். வைத்தியர் பேனாவை வைத்துவிட்டு, ‘அந்தப் பெரும்பாட்டைச் சொல்லுங்கள்’ என்றார்.

சோறு வடிக்கும்போது பானையை எந்தக் கையால் பிடிக்கிறீர்கள் என்று கேட்டார். பிடிப்பதில்லை என்றேன். சென்ற ஆண்டு மாசியில், கொதிக்கும் கஞ்சியோடு பானை விரல்களிலிருந்து நழுவித் தொட்டிக்குள் விழுந்து, இடது முழங்கை வரைக்கும் அவிந்துபோனதையும், அன்றிலிருந்து என் கணவர் வேலையால் வந்தபின்தான் எங்கள் வீட்டில் சோறு வடிப்பதையும், வெங்காயம் வெட்டுவது மகன் என்பதையும், குளியல் தொட்டிக்குள் இறங்கவும் ஏறவும் அவர் என்னைத் தாங்கிப் பிடிப்பதையும், மாத்திரைப் போத்தலின் மூடியைக்கூட என்னால் திறக்க முடியாததையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்நிய ஆண்கள் இருவருக்கு முன்னால் குளிப்பைப் பற்றிச் சொன்னபோது கண் நிறைந்துவிட்டது. அவர்கள் அவசரப்படுத்தவில்லை.

வெளியே அரை மணித்தியாலம் காத்திருந்தோம். முடிவை அன்றே தந்தார்கள்: சமையலுக்கு நான்கு, குளிப்புக்கு மூன்று, உடுத்துவதற்கு இரண்டு, மருந்துக்கு ஒன்று, மொத்தம் பத்து. நடமாட்டத்துக்கு நான்குதான் கிடைத்தது, அது போதாது. அதில் எனக்கு மனக்குறையில்லை, நான் கடைத்தெரு வரைக்கும் நடக்கிறேன். இந்த 2025 ஆம் ஆண்டுக் கணக்கில் கிழமைக்கு 73.90 பவுண், நான்கு கிழமைக்கு ஒரு தடவை வங்கிக்கு வருகிறது. முதன்முதல் விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்கிட்டு நிலுவையையும் தந்தார்கள். குளியலறைச் சுவரில் கைபிடிகள் பூட்டினோம்; அடுப்படியில் இருந்து வேலை செய்ய உயரமான ஆசனம் ஒன்று வாங்கினேன். இது நிரந்தரமன்று, 2028 இல் முடிகிறது, அதற்கு முன்பே மறுபடியும் படிவம் வரும். ஆகையால் கொப்பியில் எழுதுவதை நிறுத்தவில்லை.

அம்மாவுக்கு இக்கடிதத்தை வாசித்துக் காட்டுவீர்கள் என்று தெரியும். கஞ்சிப் பானை விழுந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு வாசியுங்கள். கேட்டால், நான் ஒருமாதிரி இருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

அன்புத் தங்கை