53 கிலோ

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
ஜூன் 8

அன்புள்ள சீனு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முகூர்த்தக் கொலுசு ஆர்டர்கள் ஓய்ந்து இன்றுதான் பேனாவைத் தொட முடிந்தது. முட்டி அறுவை சிகிச்சை முடிந்த கையோடு மொட்டை மாடிக்கு ஏறி உட்கார்ந்து எழுதுகிறேன் என்கிறாயே, தங்கை சும்மாவா விட்டாள்?

மலரைக் கேட்டிருந்தாய். நம் பழைய கொரிய உதைச்சண்டை, டேக்வாண்டோவுக்கு மாநிலத் தேர்வு போன மாதம் நம் ஊரிலேயே நடந்தது. காலிறுதியில் தோற்றாள். தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. அதற்கு முந்தின நாள் நடந்ததுதான் இன்னும் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

53 கிலோவுக்கு உட்பட்ட பிரிவில் பெயர் கொடுத்திருந்தாள். எடை மெஷினில் ஏறி நின்றால் 53.2. சேதாரத்துக்கும் மில்லிக்கும் வியாபாரிகளோடு மல்லுக்கட்டியே வயதான எனக்கு இருநூறு கிராம் என்ன என்று தெரியும். ஒரு ஜோடி கனத்த கொலுசு. அந்த ஒரு ஜோடியைக் கழற்றிப் போட என் மகள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, மே மாத வெயிலில், அரங்கத்துப் படிகளில் ஏறி ஏறி இறங்கினாள். டம்ளரில் எச்சில் துப்பினாள். இரண்டாம் முறை 52.9. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் வெளியே போய்த் தட்டுவடை செட் ஒன்று வாங்கினேன், தின்ன முடியவில்லை.

மறுநாள் காலிறுதியில் முதல் சுற்றை நன்றாகவே ஜெயித்தாள். 2022 முதல் மூன்று சுற்றில் இரண்டை வென்றவருக்கே வெற்றி, முன்போல மொத்தப் புள்ளிக் கணக்கு இல்லை. ஆனால் இரண்டாவது சுற்றில் அவள் கால் எழவே இல்லை. உடம்பில் தண்ணீர் இருந்தால்தானே எழும்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆண்களுக்கு எட்டு, பெண்களுக்கு எட்டு எடைப் பிரிவுகள். பெண்களுக்கு 46, 49, 53, 57 என்று ஏறிக்கொண்டே போகும். ஒலிம்பிக்கிலோ நான்கே நான்கு: 49, 57, 67, அதற்கு மேல். 53க்கு உலகப் போட்டியில் வீடு உண்டு. ஒலிம்பிக்கில் திண்ணைகூடக் கிடையாது. பெரிய கனவு காண்கிற பெண், ஒன்று, நான்கு கிலோ இறங்க வேண்டும், இல்லை நான்கு கிலோ ஏற வேண்டும். மாஸ்டர் இறங்கச் சொல்கிறார். 57இல் வருகிறவர்கள் உயரம், நீளக் கால்காரிகள் எட்ட நின்றே முகத்தைத் தொட்டுவிடுவார்கள் என்கிறார். தலையில் ஓர் உதைக்கு 3 புள்ளி, சுழன்று உதைத்தால் 5. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மலரின் அறைச் சுவரில் தாய்லாந்தின் பனிபக் வோங்பட்டனகிட் படம். 49 கிலோவில் டோக்கியோவிலும் பாரிஸிலும் தங்கம் வென்றவர். டோக்கியோ இறுதியில் ஸ்பெயின் பெண் 10-9 என்று முன்னால் நிற்க, கடைசிச் சில விநாடிகளில் இவர் உடம்பில் ஓர் உதை விட்டு 11-10 என முடித்தார். அந்த வீடியோ ஓடும் சத்தம் எனக்கே மனப்பாடம். ஆனால் பனிபக்கின் உடல்வாகு ஒல்லிக்குச்சி. என் மகள் என் அம்மாவின் எலும்போடு பிறந்தவள்.

உன்னிடம் சொல்வதற்கென்ன, எடை குறைக்க ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு மாதக்கணக்கு தப்புகிறதாம். என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன், ஏறட்டும் என்று. முடிவு செய்ய நான் யார் என்பது வேறு விஷயம்.

1985இல் நம் ஊர்க் குகைப் பகுதியில் அந்த அரிசி மில் களத்தில் நாம் உதைத்துப் பழகியது நினைவிருக்கிறதா? வீட்டில் 'கராத்தே' என்று சொல்லி வைத்திருந்தோம். ஒரு பெண்பிள்ளைகூட அங்கே இல்லை. நமக்கு அது தோன்றவும் இல்லை. உலகச் சாம்பியன்ஷிப் 1973இல் சியோலில் தொடங்கியது, பெண்களுக்குக் கதவு திறந்தது 1987இல் பார்சிலோனாவில்தான் என்று மலரிடம் ஒருநாள் சொன்னேன். "பதினாலு வருடமா? அப்போது நீங்கள் இரண்டு பேரும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டாள். உன் பங்குக்கும் சேர்த்து நானே திருதிருவென்று விழித்தேன்.

அப்போது மூலையில் உட்கார்ந்திருக்கும் நடுவர் கண்ணில் பட்டால்தான் புள்ளி. இப்போது மார்புக் கவசத்திலும் தலைக்கவசத்திலும் காலுறையிலும் சென்சார். நல்லதுதான். ஆனால் முன்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கத்திச்சண்டை போலத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள், எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. கிழவன் புலம்பல் என்று தள்ளிவிடு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ரோட்டில் ஓடுகிறாள். நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போவேன். இருபது கொண்டை ஊசி வளைவில் ஐந்தாவதோடு திரும்பிவிடுவது வழக்கம். போன வாரம் அங்கே நின்று மூச்சு வாங்கினாள், ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்தாள், அம்மா எனக்காக வைத்திருந்த மல்கோவாவை எடுத்துத் தோலைக் கடித்து உரித்துக் கொட்டை வரை தின்றாள். நான் குரங்குகளை வேடிக்கை பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

உனக்கும் ஒரு பெட்டி மாம்பழம் பார்சலில் போட்டிருக்கிறேன். அடி வரிசை இன்னும் காய்தான், வைக்கோலைக் கலைத்துவிடாதே.

அன்புடன்,
செல்வம்