உயிரைக் கொடுப்போம், 500 ரூபாய் கடன் கொடுக்க மாட்டோம்

போர்க்கதை எழுதுகிறவர்களுக்கும் அதைப் படமாக எடுக்கிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். 17 வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, வேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இரண்டு மாட்டையும் கிளை நூலகத்தையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவன் எழுதுவது. நான் பெரிய வீரன் ஒன்றும் இல்லை. என் பட்டாள வாழ்க்கையில் பாதி காவல், பாதி நடை. ஆனால் போர்க்கதை என்று எது கையில் கிடைத்தாலும் படித்துவிடுவேன், படமாக வந்தாலும் விடமாட்டேன். அந்த உரிமையில்தான் இந்தக் கடிதம்.

உங்கள் கதைகளில் நண்பன் ஒருவன் வந்தாலே எனக்குத் தெரிந்துவிடுகிறது, இவன் சாகத்தான் வந்திருக்கிறான் என்று. சட்டைப் பையிலிருந்து ஒரு பெண்ணின் போட்டோவை எடுத்துக் காட்டுவான். "அடுத்த லீவுல கல்யாணம்டா" என்பான். என் மனைவி டீயைக் கீழே வைக்காமலே, "இந்தப் பையன் போயிடுவான் பாருங்க" என்று சொல்லிவிடுவாள். சொன்னபடியே இடைவேளைக்குள் கதாநாயகன் மடியில் தலை சாய்ந்துவிடும். அப்புறம் கதாநாயகன் ஒற்றை ஆளாக மலையேறிப் பழி வாங்குவான்.

மடியில் யாரும் சாவதில்லை என்று நான் சொல்லவில்லை. அவர்கள் எப்படி நண்பர்கள் ஆனார்கள் என்பது உங்கள் கதையில் எங்குமே இல்லை, அதுதான் என் குறை. ஒரு பாட்டு, ஒரு ரம் பாட்டில், இரண்டு கட்டிப்பிடிப்பு, அதோடு நட்பு முடிந்துபோகிறது. இன்னொன்றும் உண்டு. நட்பையும் நம்பிக்கையையும் நீங்கள் ஒன்றாகவே போட்டுக் குழப்புகிறீர்கள். பட்டாளத்தில் அவை வேறு வேறு.

ஒரே பேரக்கில் முப்பது பேர் படுத்திருப்போம். அதில் ஒருவன் இருப்பான். குறட்டை விடுவான், உங்கள் சோப்பை எடுத்துப் போடுவான், வாங்கின கடனைத் திருப்பித் தர மாட்டான், சுபேதார் சாபிடம் போய்ப் போட்டுக் கொடுப்பான். அவனைக் கண்டாலே ஆகாது. ஆனால் ராத்திரி ரோந்துக்குப் பெயர் வாசிக்கும்போது எனக்குப் பின்னால் அவன் பெயர் வந்தால் மனசு லேசாகும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் நம்மை நாள் முழுக்கச் சிரிக்க வைப்பான், உயிருக்கு உயிரான சிநேகிதன். அவன் பெயர் வந்தால் வயிற்றைக் கலக்கும். அவனுக்கு இருட்டில் கை நடுங்கும் என்று எனக்குத் தெரியும்.

சியாச்சின் பனியில் எங்களை ஒரே கயிற்றில் வரிசையாகக் கட்டித்தான் நடக்க விடுவார்கள். பனிக்கு அடியில் பிளவு எங்கே இருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. முன்னால் போகிறவன் உள்ளே விழுந்தால் மற்றவர்கள் அந்த நொடியே குப்புற விழுந்து கோடரியைப் பனியில் குத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். யோசிக்க நேரம் கிடையாது. யாரை யாரோடு கட்டுவது என்று சிநேகிதம் பார்த்துக் கட்டுவதும் இல்லை. அந்தக் கயிற்றில் எனக்கு முன்னால் நடந்தவனோடு நான் மூன்று வாரமாகப் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்தேன். அந்தக் கதையை அப்புறம் சொல்கிறேன்.

நூறு வருடத்துக்கு முன்பே இதைச் சரியாக எழுதியவர்கள் இருக்கிறார்கள். இந்தியில் சந்திரதர் சர்மா குலேரி 1915இல் எழுதிய 'உஸ்னே கஹா தா' சிறுகதையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப்போரில் ஐரோப்பியப் பதுங்குகுழி, பஞ்சாபிலிருந்து போன சீக்கியச் சிப்பாய்கள், எலும்பைத் துளைக்கும் குளிர். போதா சிங் என்கிற பையனுக்குக் காய்ச்சல். லெஹ்னா சிங் தன் கம்பளிகளை அவனுக்குப் போர்த்திவிட்டு, அவனுடைய காவலையும் தானே நிற்கிறான். போதாததற்குத் தன் ஜெர்சியையும் கழற்றிக் கொடுக்கிறான். 'உனக்கு?' என்று பையன் கேட்டால், சீமையிலிருந்து மேம்கள், அதாவது வெள்ளைக்காரப் பெண்கள், பின்னி அனுப்பியது வேறொன்று இருக்கிறது என்று ஒரு பொய். அந்தப் பொய்யில் இருக்கிறது மொத்தக் கதையும். ஆனால் போதா அவனுக்கு நண்பன் இல்லை. அந்தப் பையனின் தாய் ஒரு காலத்தில் கேட்டுக்கொண்டதற்காகச் செய்கிறான். நண்பன் என்றால் அது வஜீரா சிங், அந்தப் பட்டாளத்தின் கோமாளி. அடிபட்ட லெஹ்னா காயத்தை மறைத்துக்கொண்டு போதாவையும் அவன் அப்பாவையும் ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கடைசியில் தலை வைத்துப் படுப்பது வஜீராவின் மடியில்தான். தண்ணீர் கேட்கிறான், வஜீரா கொடுக்கிறான். இங்கேயும் மடிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குலேரி அந்த மடிக்கு வருவதற்கு முன்னால் கம்பளியையும் ஜெர்சியையும் காவலையும் எண்ணிக் காட்டிவிட்டார்.

ஜெர்மன்காரர் ரெமார்க் 1929இல் புத்தகமாகக் கொண்டுவந்த, மேற்குப் போர்முனையைப் பற்றிய 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' நாவலை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். படமாகவாவது பார்த்திருப்பீர்கள். அதில் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகப் போருக்கு வந்த பால், நாற்பது வயது காட் என்று இரண்டு பேர். காட் என்பவனுக்கு ஒரு வித்தை தெரியும், எந்தப் பாழான ஊரிலும் சாப்பாட்டைக் கண்டுபிடித்துவிடுவான். ஒரு ராத்திரி இரண்டு பேரும் ஒரு வாத்தைத் திருடி வந்து ஒரு கொட்டகையில் வைத்துச் சுடுகிறார்கள். வெளியே குண்டுச் சத்தம். இரண்டு பேரும் அதிகம் பேசுவதில்லை. பால் நடுவில் கண்ணயர்ந்துவிடுகிறான், காட் வாத்தைப் பார்த்துக்கொள்கிறான். வெந்ததும் எழுப்புகிறான். மீதியை மற்ற இரண்டு கூட்டாளிகளுக்கு எடுத்துப் போகிறார்கள். போர்க்களத்தில் ஒருவன் விழித்திருக்க இன்னொருவன் தூங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். ரெமார்க் அதற்கு விளக்கம் கொடுக்காமல் வாத்தின் மேல் ஊற்றும் கொழுப்பைப் பற்றி எழுதிக்கொண்டு போகிறார்.

பிறகு காட் காலில் அடிபட்டு விழுகிறான். பால் அவனை முதுகில் சுமந்துகொண்டு சிகிச்சை முகாமுக்கு வருகிறான். வந்து சேர்ந்த பிறகுதான் தெரிகிறது, வழியிலேயே ஒரு சிறு குண்டுச் சிதறல் அவன் தலையில் பட்டு உயிர் போய்விட்டது. அங்கே இருக்கிற ஆள் கேட்கிறான், 'நீங்கள் சொந்தக்காரர்களா?' பால் சொல்கிறான், 'இல்லை, சொந்தமில்லை.' நான் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டேன்.

அந்தக் கேள்வி நம் பட்டாளங்களில் வேறு மாதிரி வரும். நாம் யாரையும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அண்ணன், தம்பி, சேட்டன், உஸ்தாத் என்று ஏதாவது ஒரு முறை வைத்துவிடுவோம். பிரான்ஸுக்குப் போன பஞ்சாபிச் சிப்பாய்களைப் பற்றி முல்க் ராஜ் ஆனந்த் எழுதிய நாவலிலும் லாலு என்ற இளைஞனுக்கு மூத்த சிப்பாய் கிர்ப்பு சித்தப்பா முறை, தனு அப்பா முறை. உங்கள் வசனங்களில் வரும் 'மச்சி' மட்டும் போதாது. வயதும் ரேங்க்கும் ஊரும் பார்த்து அந்த முறை மாறும்.

தமிழில் முன்மாதிரி இல்லை என்று சொல்லாதீர்கள். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இலேயே வந்துவிட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்துத் தென்கிழக்கு ஆசியாவில் பாண்டியனும் மாணிக்கமும் தமிழ் இலக்கியத்தையே கேலி செய்து பேசும் பேச்சு இருக்கிறதே, நட்பு அங்கே கிடக்கிறது. இன்னும் பின்னால் போனால் புறநானூற்றில் 275ஆம் பாட்டு, ஒரூஉத்தனார் பாடியது. ஒரு வீரன். வளைத்துக் கட்டிய கண்ணி (தலைமாலை), மடிப்பு மடிப்பாக ஆடை, வேந்தன் விரும்புவதைச் சொல்லி அவனை வசப்படுத்தும் சாமர்த்தியம், எல்லாம் இவனுக்குப் பொருந்தும் என்று பாட்டு தொடங்குகிறது. உரைகாரர்கள் இதைப் புகழ்ச்சி என்பார்கள். எனக்கென்னவோ எங்கள் பேரக்கில் இருந்த தளுக்குப் பேர்வழி ஞாபகம்தான் வருகிறது. அடுத்து அவன் எதிரிப் படையைப் பிளந்துகொண்டு போகிறான். யானைக் காலில் சங்கிலி மாதிரி குடல் அவன் காலைத் தடுக்கிறது. அப்போதும் நிற்காமல், "கன்று அமர் கறவை மான முன்சமத்து எதிர்ந்த தன் தோழற்கு வருமே". கன்றைத் தேடி வரும் பசு மாதிரி தோழனிடம் வருகிறான். மாடு வளர்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், கன்று கத்தினால் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு வரும், வழியில் நாம் நின்றால் நம்மையும் முட்டும். அந்தப் புலவர் மாட்டையும் பார்த்திருக்கிறார், சண்டையையும் பார்த்திருக்கிறார்.

ஈழப்போரைப் பற்றி, அதில் இருந்தவர்களே எழுதிய கதைகளில், கூடவே சாப்பிட்டவனைச் சந்தேகப்பட வேண்டி வரும் இடங்கள் உண்டு. அது எனக்குப் பழக்கமில்லாத இருட்டு. அதைப் பற்றி நான் பேசுவது சரியாக இருக்காது. நீங்கள் அவற்றைப் படியுங்கள்.

சரி, என் கதை. கயிற்றில் எனக்கு முன்னால் நடந்தவன் பாலக்காட்டுக்காரன். 300 ரூபாய் கணக்கில் எங்களுக்குள் தகராறு. நான் கொடுத்துவிட்டேன் என்கிறேன், அவன் வரவில்லை என்கிறான். லங்கரில், அதாவது சாப்பாட்டுக் கூடத்தில்கூட, முகம் பார்க்க மாட்டோம். அப்படி இருக்கையில் ஒரு ராத்திரி இரண்டு பேருக்கும் சேர்ந்து காவல் விழுந்தது. நான் தூங்கிவிட்டேன். காய்ச்சல் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் தூக்கம். காவலில் தூங்குவது கோர்ட் மார்ஷல் வரை போகிற குற்றம். கார்டு கமாண்டர் ரவுண்டு வரும் பூட்ஸ் சத்தம் கேட்டதும் அவன் என் முழங்காலில் ஓர் உதை விட்டான், நான் எழுந்து நிற்பதற்குள் அவனே சத்தமாக "தம்" (நில்) சொல்லி ஆளை நிறுத்தினான். அவ்வளவுதான். காலையில் லங்கரில் வழக்கம்போல எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சப்பாத்தி தின்றான்.

ஏன் முதலிலேயே எழுப்பவில்லை, ஏன் காட்டிக் கொடுக்கவில்லை என்று பல வருடம் கழித்து போனில் கேட்டேன். "நான் முழிச்சிருந்தேனே, அப்புறம் என்ன?" என்றான்.

இப்போதும் ஓணத்துக்கு ஓணம் அவன் போன் வருகிறது. மாடு எப்படி, பிள்ளைகள் எப்படி என்று விசாரித்துவிட்டு, அந்த 300 ரூபாய் எப்போது வரும் என்று கேட்கிறான். நான் கொடுத்துவிட்டேன் என்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பட்டாளத்துக்காரன்