அம்மிணி ஏர்ஃபோர்ஸுக்குப் போவது பற்றி

காங்கேயம்பாளையம்,
மார்கழி.

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. போனில் பேசினால் தங்கச்சி காதில் விழும் என்று நீ காகிதத்தில் எழுதியதும் நல்லதுதான். பேத்தி அம்மிணி ஏர்ஃபோர்ஸுக்குத் தேர்வாகிவிட்டாள் என்ற சந்தோஷத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டு, மீதிப் பக்கமெல்லாம் "அந்த பிளேனெல்லாம் ஏன் இப்படி விழுகிறது" என்றே கேட்டிருக்கிறாய். நான் பறந்தவனில்லை, இன்ஜின் ஃபிட்டராகக் கீழே நின்று பறக்கவிட்டவன். எனக்குத் தெரிந்ததைத்தான் எழுத முடியும். உன்னை ஏமாற்றி ஆறுதல் சொல்லவும் மாட்டேன்.

2025 நவம்பர் 21-இல் துபாய் விமானக் கண்காட்சியில் நம் தேஜஸ் போர் விமானம் விழுந்து விங் கமாண்டர் நமான்ஷ் ஸ்யால் இறந்ததைப் பார்த்துத்தான் உனக்கு இந்த வெசனம் வந்திருக்கும். அவர் நம் சூலூர் விமானப்படைத் தளத்தில் இருந்தவர். உடலை இங்கேதான் முதலில் கொண்டுவந்தார்கள், அப்புறம் இமாசலத்துக்கு, அவருடைய சொந்த ஊருக்கு அனுப்பினார்கள். விமானம் விழுந்து ஒரு மணி நேரம் ஆகவில்லை, எங்கள் வாட்ஸப் குழுவில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். ஒருவன் இன்ஜின் என்கிறான், ஒருவன் எண்ணெய்க் கசிவு என்கிறான், இன்னொருவன் விமானி கணக்குத் தப்பிவிட்டார் என்கிறான். அதற்கென்று விசாரணைக் குழு அமைத்திருக்கிறார்கள். உடைந்த சாமானைப் பொறுக்கி அடுக்கி, கறுப்புப் பெட்டியைப் படித்து, ஆளாளைக் கூப்பிட்டுக் கேட்டு எழுதுவதற்கு மாசக்கணக்கில் ஆகும். டீக்கடையில் உட்கார்ந்து அந்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்ப்பவனுக்கு அது எங்கே தெரியப்போகிறது.

"மனிதத் தவறு" என்று செய்தியில் போடுகிறார்களே, அம்மிணி அவ்வளவு கெட்டிக்காரியாயிற்றே, அவள் தவறு செய்வாளா என்று கேட்டிருக்கிறாய். இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. 2017 முதல் 2022 வரை நம் விமானப்படையில் 34 விபத்துகள் என்று நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையில் ஒரு கணக்கு வந்தது. அதில் பாதிக்கு மேல் காரணம் "மனிதத் தவறு". ஒரே ஒரு கட்டத்துக்குள் ஒரே ஒரு சொல். படிக்கிறவன் என்ன நினைப்பான்? ஓட்டினவன் சரியில்லை என்றுதான்.

அதே பட்டியலில் நம்மூர்ப் பக்கத்து விபத்து ஒன்று இருக்கிறது. 2021 டிசம்பர் 8. முப்படைத் தளபதி பிபின் ராவத் இதே சூலூரில் ஏறி நீலகிரி வெலிங்டனுக்குப் போன ஹெலிகாப்டர், குன்னூர் பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. போர் விமானம் இல்லைதான், ஆனால் நான் சொல்ல வருவதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. அடுத்த மாதமே விமானப்படை வெளியிட்ட முடிவு என்ன தெரியுமா? இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, அலட்சியமும் இல்லை. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போய், விமானிக்குத் திசை நிலை குழம்பி, நல்ல நிலையில் இருந்த ஹெலிகாப்டரே மலையில் மோதிவிட்டது. அலட்சியம் இல்லை என்று அவர்களே சொன்ன விபத்துதான், நிலைக்குழுப் பட்டியலுக்கு வரும்போது "மனிதத் தவறு" என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது.

திசை குழம்புவது என்றால் என்னவென்று அம்மிணியே உனக்குச் சொல்வாள், வகுப்பில் முதலில் பயமுறுத்துவதே அதை வைத்துத்தான். காதுக்குள் நீர் நிரம்பிய மூன்று வளையங்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் சுழல்கிறது என்று அவைதான் மூளைக்குச் சொல்லும். சின்ன வயதில் களத்துமேட்டில் கிறுகிறுவென்று சுற்றிவிட்டு நின்றால் பூமி சுற்றுமே, அந்த நீர் இன்னும் நிற்கவில்லை என்பதுதான் அதற்குக் காரணம். மேகத்துக்குள் வானமும் தெரியாது, தரையும் தெரியாது. விமானம் மெதுவாகச் சாய்ந்தால் காதுக்கு உறைப்பதில்லை. சாய்ந்திருப்பவனுக்கு நேராக இருப்பதாகத் தோன்றும், நேராக்கினால் மறுபக்கம் விழுவதாகத் தோன்றும். முன்னால் இருக்கும் மீட்டர் ஒன்று சொல்லும், உடம்பு வேறொன்று சொல்லும். உடம்பை நம்பாதே, மீட்டரை நம்பு என்று பல வருடம் பழக்குகிறார்கள். பழகினவர்களுக்கும் குழம்பும். மலைப்பள்ளத்தாக்கில் தாழ்வாகப் போகும்போது திருத்திக்கொள்ளக் கிடைப்பது சில விநாடிதான்.

அந்த ஹெலிகாப்டரில் இருந்த குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் பெங்களூர் ஆஸ்பத்திரி வரைக்கும் போராடி இறந்தார். அவர் தேஜஸ் விமானி. 2020 அக்டோபரில் ஒரு சோதனைப் பறத்தல். நல்ல உயரத்தில் காக்பிட் காற்றழுத்தம் போய்விட்டது. சரியென்று கீழே இறக்கும்போது விமானத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பே கைவிட்டுவிட்டது. மூக்கு மேலும் கீழுமாகத் துள்ள, விமானம் மளமளவென்று இறங்கியது. ஒரு தடவை பிடித்து நிறுத்தினார். பத்தாயிரம் அடியில் மறுபடியும் கைவிட்டது. குதித்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். அவர் கொண்டுவந்து இறக்கினார். இறக்கியதால்தான் என்ன பழுது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது, மற்ற தேஜஸ்களுக்கும் அதைத் தடுக்க முடிந்தது. அதற்காக சௌர்ய சக்ரா என்ற வீர விருது கொடுத்தார்கள். அப்படிப்பட்டவர், தான் ஓட்டாத ஒரு ஹெலிகாப்டரில் பயணியாகப் போய் இறந்தார். நானும் எத்தனையோ விபத்தைக் கேள்விப்பட்டவன், இது ஒன்று மட்டும் இன்னும் மனசைவிட்டுப் போகவில்லை.

சரி, மிக்-21 போர் விமானம். "ரஷ்யாக்காரன் ஓட்டை பிளேனை நம் தலையில் கட்டிவிட்டானா" என்கிறாய். அவ்வளவு எளிதில்லை மாப்ளே. 2012-இல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்னார். வாங்கிய 872 மிக் விமானங்களில் 482 விழுந்துவிட்டன, 171 விமானிகளும் பொதுமக்கள் 39 பேரும் இறந்தார்கள் என்று. பயங்கரமான எண்தான். ஆனால் 1963-இல் வந்து 2025 செப்டம்பர் 26-இல் சண்டிகரில் விடைபெறும் வரை உழைத்த விமானம் அது. மேலே வேகமாக ஏறி எதிரியை மறிக்கவென்று செய்தது. இறக்கை சின்னது, அதனால் தரை தொடும்போதே மணிக்கு சுமார் 300 கிலோமீட்டர் வேகம் வேண்டும். ஒரே இன்ஜின், அது நின்றால் வேறு வழியில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் பயிற்சி. கிரண் மாதிரி மெதுவான விமானத்தில் பழகிய பையன்களை இந்தக் குதிரையில் ஏற்றினார்கள். நடுவில் ஒரு வேகமான பயிற்சி விமானம் வேண்டும் என்று ஏர் மார்ஷல் லா ஃபோன்டைன் தலைமையிலான குழு 1982-இலேயே எழுதிக் கொடுத்துவிட்டது. அப்படிக் கேட்ட பயிற்சி விமானம், ஹாக், வந்து சேர்ந்தது 2008-இல். இடையில் 26 வருடம்! அந்த வருடங்களில் இறங்கும்போது கணக்குத் தப்பி விழுந்த பையனின் ஃபைலில் "விமானி தவறு" என்றுதான் எழுதியிருக்கும். அவனுடைய தவறு எவ்வளவு, ஃபைலை மேஜைக்கு மேஜை தள்ளினவர்களுடைய தவறு எவ்வளவு? இதை நான் சர்வீஸில் இருந்தபோது சத்தமாகச் சொல்ல முடியாது, இப்போது சொல்கிறேன்.

நம் நாட்டில் மட்டும்தான் என்று நினைத்துவிடாதே. மேற்கு ஜெர்மனி அமெரிக்காவின் எஃப்-104 விமானத்தை 916 வாங்கி 292-ஐ இழந்தது, 116 விமானிகள் இறந்தார்கள். அதுவும் உயரத்தில் மறிக்கச் செய்த விமானம்தான். அதில் குண்டையும் கருவியையும் ஏற்றித் தாழப் பறக்கவைத்தார்கள். அரிசோனாவின் தெளிந்த வானத்தில் பழகிய பையன்கள் ஐரோப்பாவின் மூடுபனியில் ஓட்டினார்கள். 1966-இல் தளபதியாக வந்த ஸ்டைன்ஹாஃப் பயிற்சியையும் பராமரிப்பையும் பிடித்து இறுக்கிய பிறகு விழுவது குறைந்தது.

பெரிய காரணம் இப்படி என்றால் சின்னக் காரணம் இன்னும் மோசம். வடக்கே ஒரு தளத்தில் நான் இருந்தபோது நடந்தது. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் பலகையில் அதன் உருவம் வரைந்து இடம் விட்டிருக்கும், வேலை முடிந்ததும் எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்தாக வேண்டும். ஒரு சாயங்காலம் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் குறைந்தது. விமானத்தை அப்படியே நிறுத்தினோம். விரல் நீளம்தான் இருக்கும், ஆனால் அது உள்ளே கிடந்து விமானம் தலைகீழாகும்போது கட்டுப்பாட்டுத் தண்டில் சிக்கிக்கொண்டால் விமானி குச்சியை இழுக்கவே முடியாது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, சீட்டைக் கழற்றி, சந்துசந்தாகக் கண்ணாடி விட்டுப் பார்த்து, ராத்திரி வெகுநேரம் கழித்து சீட்டுக்கு அடியில் ஒயர் கட்டுக்குள் இருந்து எடுத்தோம். ஒருத்தனும் சாப்பிடப் போகவில்லை. காலையில் ரன்வேயில் வரிசையாக நடந்து கல்லும் ஆணியும் பொறுக்குவதும் இதே மாதிரிதான். இன்ஜின் ஒரு கூழாங்கல்லை உறிஞ்சினால் போதும், உள்ளே சுழலும் தகடுகள் சிதறிவிடும்.

அப்புறம் பறவை. 2019 ஜூன் 27-இல் அம்பாலாவில் கிளம்பின ஜாகுவார் போர் விமானத்தின் மேல் பறவை மோதி ஒரு இன்ஜின் போயிற்று. விமானி எடையைக் குறைக்க எண்ணெய் டாங்கையும் பயிற்சிக் குண்டுகளையும் கழற்றிவிட்டு ஒற்றை இன்ஜினில் இறக்கினார். அடுத்த வாரமே, ஜூலை 2, இங்கே இருகூரில் தோட்டத்துக்குள் ஒரு டாங்க் விழுந்து தீப்பிடித்ததே, ஞாபகம் இருக்கிறதா? அது தேஜஸிலிருந்து தானாகக் கழன்றது, 1200 லிட்டர் டாங்க். நல்லவேளை, யார் மேலும் விழவில்லை. விமானம் பத்திரமாக வந்து இறங்கிவிட்டது.

பறவை விஷயத்தில் எனக்கு நம் ஆட்கள் மேல்தான் கோபம். விமானதளத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் இறைச்சிக் கழிவைத் திறந்தவெளியில் கொட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. கறிக்கடைக்காரன் கோழிக் கழிவை மூட்டை கட்டி ராத்திரியில் ரோட்டோரம் தள்ளிவிட்டுப் போகிறான். விடிந்ததும் பருந்து வட்டமடிக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே விமானம் ஏறுகிறது. நாளைக்கு ஒன்று நடந்தால் அந்த மூட்டையைக் கொட்டினவனை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்? உன் பக்கம் பண்ணை வைத்திருக்கும் மச்சானிடமும் இதைச் சொல்லு.

இப்போது உனக்குத் தெம்பாக இரண்டு விஷயம். தேஜஸ் முதலில் பறந்தது 2001 ஜனவரி 4. ஜெய்சல்மர் பக்கம் 2024 மார்ச் 12-இல் முதல் விபத்து நடக்கும் வரை ஒன்றுகூட விழவில்லை, அதிலும் விமானி தப்பித்தார். இருக்கையோடு வெளியே வீசும் ஏற்பாடு, விமானம் தரையில் அசையாமல் நிற்கும்போதுகூட ஆளைக் காப்பாற்றும். முதுகெலும்பு அடிபடலாம், உயிர் மிஞ்சும். ஆனால் தாழ்வாகக் கீழ்நோக்கிப் பாயும்போது இழுக்க நேரம் கிடைக்க வேண்டும், வித்தைப் பறத்தலில் அதுதான் கிடைப்பதில்லை.

இரண்டாவது, வேகமாகத் திருப்பும்போது ரத்தம் தலையிலிருந்து காலுக்கு இறங்கி விமானி மயங்குவது உண்டு. எட்டு ஒன்பது மடங்கு எடை அழுத்தும்போது இரும்பு மாதிரி ஆளுக்கும் நடக்கும். அமெரிக்காக்காரன் எஃப்-16-இல் ஒரு ஏற்பாடு வைத்தான், தரையில் மோதப்போகிறோம் என்று தெரிந்தால் விமானமே தன்னை மேலே தூக்கிக்கொள்ளும். 2016-இல் அரிசோனாவில் ஒரு பயிற்சி விமானி மயங்கிவிட்டான், விமானம் தலைகுப்புறப் பாய்கிறது, இன்னொரு விமானத்திலிருந்து ஆசிரியர் விமானத்தை மீட்கச் சொல்லிக் கத்துகிறார், அதற்குள் விமானம் தானே எழுந்துவிட்டது. ஆள் மயங்கினால் அது குற்றமில்லை, உடம்பின் இயல்பு என்று ஒப்புக்கொண்டதால்தான் அப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்யத் தோன்றியது. நம்மிடமும் எல்லா விமானத்திலும் அது வர வேண்டும்.

ஆகவே தங்கச்சியிடம் ஆபத்தே இல்லை என்று பொய் சொல்லாதே. இருக்கிறது. ஆனால் அம்மிணி நாளைக்கே தேஜஸில் ஏறப்போவதில்லை. ஐதராபாத் பக்கம் துண்டிகல் பயிற்சித் தளத்தில் பிலாட்டஸ் என்ற சின்ன விமானத்தில் ஆரம்பிப்பாள், படிப்படியாக ஏற்றுவார்கள். போர் விமானமா, சரக்கு விமானமா, ஹெலிகாப்டரா என்பதே பயிற்சியில் பார்த்துத்தான் பிரிப்பார்கள். தேஜஸ் கிடைத்தாலும் முன்னால் போனவர்கள் இருக்கிறார்கள், மோகனா சிங் ஓட்டுகிறாரே. அவளிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. ராத்திரி தூக்கமில்லை, சளி பிடித்துக் காது அடைத்திருக்கிறது, வீட்டு நினைப்பு மனசில் கிடக்கிறது என்றால் "இன்றைக்கு நான் பறக்கவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படக் கூடாது. நிறையப் பையன்கள் வீறாப்பில் சொல்லாமல் போயிருக்கிறார்கள்.

உன் தென்னந்தோப்பில் வேர்வாடல் நோய் எந்த மட்டில் இருக்கிறது? ஆனைமலைப் பக்கம் மரங்களை வெட்டித் தள்ளுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு முழங்கால்தான் மக்கர் செய்கிறது, மற்றபடி சௌக்கியம். தை நோம்பிக்கு அம்மிணியையும் கூட்டிக்கொண்டு வா. பஸ்ஸில் வந்தால் சூலூரில் இறங்கி ஒரு போன் பண்ணு, வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். அவள் கேட்க வேண்டியதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரச்சொல்லு.

அன்புடன்,
ராமசாமி