பழைய பதிவேடு எங்கே இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

தாத்தாவின் இறப்புச் சான்று கேட்டு அலைகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் தாலுகாவைக் கை காட்டுகிறார். தாலுகாவில், சார்பதிவாளர் அலுவலகம் போங்கள் என்கிறார்கள். ஊராட்சிப் பகுதிகளின் பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் சார்பதிவாளரிடம் இருப்பது பலருக்குத் தெரியாது. தெரிந்த இடைத்தரகருக்கு அதுவே பிழைப்பு.

1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், 17ஆம் பிரிவில், கட்டணம் கட்டிப் பதிவைத் தேடச் சொல்லும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. இறப்புக்கான காரணத்தை மட்டும் வெளியிடக் கூடாது என்கிறது, நியாயம்தான். உரிமை இருந்து என்ன, எந்த ஆண்டுப் பதிவேடு எந்த அலமாரியில் என்று சொல்ல ஆளில்லையே!

தன்னிடம் என்னென்ன வகை ஆவணங்கள் உள்ளன என்பதை ஒவ்வொரு அலுவலகமும் தானாகவே வெளியிட வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம், 4ஆம் பிரிவில் சொல்கிறது. அதற்கும் 10 ரூபாய் கட்டி மனுப் போட்டு 30 நாள் காத்திருக்க வேண்டுமா? எந்த ஊர், எந்த ஆண்டுகள் என்று வாசலில் ஒரு பலகை வைத்தால் போதும். வருவாய்த் துறையும் பதிவுத் துறையும் சேர்ந்து இதைச் செய்யட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்