ஜிம் முடிஞ்சதும் அப்படியே நின்னுடாதே

கண்ணு,

நேத்து போன்ல உன் பிரஷரோட மேல் நம்பர் ரெண்டு சொன்னே. வெயிட்டைக் கீழே வச்சதும் 172, ரூமுக்கு வந்து ஒரு மணி நேரம் கழிச்சு 104. மிஷின் கெட்டுப்போச்சா, நான் கெட்டுப்போனேனான்னு கேட்டே. ரெண்டுமில்லை. போன்ல விளக்கினா பாதியிலயே "சரிங்கம்மா"ன்னு வச்சிருவே, அதான் எழுதறேன்.

தசைக்குள்ள மெல்லிசான நரம்புகள் இருக்குது. சிலது தசை இழுபடறதையும் அழுந்தறதையும் பார்த்து, வேலை தொடங்கின சில நொடியிலயே சேதி அனுப்பீரும். மத்தது லாக்டிக் அமிலம், பொட்டாசியம்னு தசையில சேர்றதைப் பார்த்து, ரத்தம் பத்தலைன்னு மூளைத்தண்டுக்குச் சொல்லும். உடனே இதயம் வேகமாகும், சும்மா இருக்கற இடத்து ரத்தக்குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். கடைமடைக்காரங்க சத்தம் போட்டாத்தானே கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி கூட்டி விடறாங்க!

இதை 1937ல ஆலம், ஸ்மிர்க்னு ரெண்டு பேர் எகிப்துல கெய்ரோவுல காட்டினாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை. வேலை செஞ்ச தசைக்குப் போற ரத்தத்தைப் பட்டை கட்டி நிறுத்தினாங்க. வேலை முடிஞ்சிருச்சு, தசை சும்மாதான் கிடக்குது, ஆனா பிரஷர் முழுசா இறங்கலை. கழிவு உள்ளேயே அடைபட்டுக் கிடந்துதல்ல? பட்டையைத் தளர்த்தினதுக்கப்புறந்தான் பழைய அளவுக்கு இறங்குச்சு.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில மூட்டை தூக்கறவங்களை நீயே பார்த்திருக்கறே. பல்லைக் கடிச்சு மூச்சைப் புடிச்சாங்கன்னா கழுத்து ரத்தக்குழாய் விரல் தண்டிக்குப் புடைக்கும். இறுகின தசை தனக்குள்ள ஓடற குழாயையே நெருக்கிரும், நரம்பு இன்னும் கத்தும். 1985ல கனடாவுல பளு தூக்கறவங்க தமனிக்குள்ளயே குழாய் வச்சு அளந்தப்ப, ரெண்டு காலாலயும் எடையை உதைச்சுத் தள்ளற லெக் பிரஸ் பண்ணையில சராசரியே 320/250 வந்துச்சு. அதனால மூச்சை அடக்காதே. தூக்கறப்ப ஊதி விடு.

இனி அந்த 104. வேலை நின்னதும் தசைச் சேதி அடங்கீரும், ஆனா தசையில விரிஞ்ச குழாய் சட்டுனு சுருங்காது. பூச்சி கடிச்சாத் தடிக்க வைக்குமே ஹிஸ்டமின், அது இங்கயும் வேலை செய்யுது. மூளையும் கொஞ்ச நேரத்துக்கு, குறைஞ்ச பிரஷரே போதும்னு இருந்துக்கும். ரெண்டு மூணு மணி நேரம் இப்படி இருந்தாலும் பயப்படாதே.

ஸ்குவாட் முடிச்சு நின்னு போன் நோண்டுனப்பக் கண்ணு இருட்டுச்சுன்னியே, அது வேற. கெண்டைக்கால் சுருங்கித்தான் ரத்தத்தை மேலே தள்ளும். அசையாம நின்னா ரத்தம் கால்லயே தங்கிரும். அஞ்சு பத்து நிமிஷம் மெதுவா நட. உடனே சுடுதண்ணியில குளிக்கவும் போயிராதே. மறுபடியும் இருட்டுச்சுன்னா டாக்டர்கிட்டப் போயிரு.

இன்னொண்ணு. உங்க அப்புச்சிக்கும் மாமனுக்கும் பிரஷர். பிரஷர் இருக்கறவங்களுக்கு இந்தத் தசைச் சேதி அளவுக்கு மீறி வேலை செய்யும். நீ ஜிம்ல பார்த்த நம்பரை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. காலையில காபிக்கு முன்னாடி, அஞ்சு நிமிஷம் சாஞ்சு உக்காந்து, பேசாம எடு. ஒரு வாரம் எடுத்து அனுப்பு, பார்க்கறேன்.

பொங்க நோம்பிக்கு வாரப்ப அந்த மிஷினைக் கொண்டுவா. உங்க அப்பாவுக்கும் பார்க்கோணும். முப்பது வருஷம் வார்டுல எத்தனையோ பேருக்குப் பார்த்தவ நான், எங்கிட்ட மட்டும் கையை நீட்ட மாட்டேங்கறார். நீ கேட்டா நீட்டுவார்.

அம்மா