ஓவர்க்ளாக் கணினிக்குத் தகாத பாகங்களைப் பொருத்திக் கொடுத்தது குறித்துப் புகார்

அனுப்புநர்:
ஒளிப்பதிவாளர், சாட்ஸ்வொர்த், டர்பன்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள், கணினி விற்பனைப் பிரிவு, டர்பன்.

பொருள்: நிலையாக ஓடும் என்று உறுதியளித்து விற்ற ஓவர்க்ளாக் கணினியின் (செயலியின் வேகத்தை ஆலை அளவுக்கு மேல் கூட்டிய கணினி) தொடர் கோளாறுகள், மாற்றுக் கணினி அல்லது முழுப் பணம் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடையில் விலை பேசியது தமிழில். “நம்பி எடுங்கள் அண்ணா, எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் நிற்காது” என்று உங்கள் ஊழியர் வாக்குக் கொடுத்ததும் தமிழில். ஆகவே புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன். இதன் ஆங்கிலப் பிரதி, ரசீது, ஆர்டர் படிவம், நான் எடுத்த சோதனை அறிக்கைகள் எல்லாம் தனி மின்னஞ்சலில் உங்களுக்கு வந்திருக்கும்.

டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் நடக்கும் திருமணம், அரங்கேற்றம், தைப்பூசக் காவடி, மாரியம்மன் திருவிழா ஆகியவற்றைப் படம்பிடித்துத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். வேலை முழுவதும் வீட்டில் இருக்கும் இந்த ஒரே கணினியில்தான். பகலில் தொகுப்பு, இரவில் ரெண்டரிங், அதாவது தொகுத்ததை முழுப் படக் கோப்பாக மாற்றும் வேலை. விடியும்போது கோப்பு தயாராக இருக்க வேண்டும், அதில் ஒரு பிழையும் இருக்கக் கூடாது. இதை உங்கள் ஊழியரிடம் விளக்கமாகச் சொன்னேன். அவரும் ஆர்டர் படிவத்தில் “4கே வீடியோ, இரவு முழுவதும் ரெண்டரிங், ஓவர்க்ளாக் செய்து நிலையாக ஓட வேண்டும்” என்று தம் கைப்பட எழுதினார். ரசீதில் பாகங்களின் விலை போக, பாகத் தேர்வு, பொருத்துதல், ஓவர்க்ளாக் சோதனை என்று தனிக் கட்டணமும் வாங்கியிருக்கிறீர்கள். பாகங்களைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். வேகத்தைக் கூட்டியது நீங்கள். சோதித்துவிட்டதாகக் கையெழுத்திட்டதும் நீங்கள்.

அந்தக் கணினி மூன்று விதமாகக் கெடுகிறது. ரெண்டரிங் உச்சத்தில் இருக்கும்போது பட்டென்று அணைந்துவிடுகிறது. வேலை ஏதும் இல்லாமல் சும்மா கிடக்கும்போது தானாக மறுபடி தொடங்குகிறது. மூன்றாவதுதான் என் தொழிலையே பாதித்தது. எந்தப் பிழைச்செய்தியும் காட்டாமல், கெட்டுப்போன படத்தை நல்ல படம் என்று சேமித்து வைத்துவிடுகிறது. ஒரு திருமணப் படத்தில், மாப்பிள்ளை தாலி முடிச்சுப் போடும் அதே நொடியில், மணப்பெண்ணின் தோளுக்கு மேல் பச்சைக் கட்டங்கள் சிதறிக் கிடந்தன. அதை முதலில் பார்த்தது பெண்ணின் தாயார். கேமராவில் இருக்கும் மூலக் கோப்பில் அந்த இடம் சுத்தமாக இருக்கிறது. அதே பகுதியை மறுபடி ரெண்டர் செய்தால் கட்டங்கள் வேறு இடத்தில் வருகின்றன. தவறு நினைவகத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

உங்கள் சேவைப் பிரிவு இந்த மூன்றுக்கும் ஒரே பதிலைச் சொன்னது: லோட் ஷெட்டிங், மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, எங்கள் கையில் இல்லை. இந்த நாட்டில் எந்தக் கோளாறுக்கும் மின்வெட்டைக் காரணம் காட்டிவிடலாம் என்றாகிவிட்டது. என் கணினி யுபிஎஸ் வழியாகத்தான் ஓடுகிறது. அது அணைந்த நேரங்களில் மின்சாரம் தடைபடவில்லை, அழுத்தமும் 230 வோல்ட்டை ஒட்டியே இருந்தது என்பதை யுபிஎஸ் பதிவு காட்டுகிறது. காரணம் பெட்டிக்குள் இருக்கிறது.

பவர் சப்ளையிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் கொடுத்த விலைப்பட்டியலில் 850 வாட், மின்சாரத்தை வீணாக்காததற்கான கோல்டு சான்று பெற்றது என்று இருந்தது. பெட்டிக்குள் வந்தது 750 வாட் என்று பெரிய எழுத்தில் போட்ட வேறொன்று. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, அதன் மேல் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படித்துப் பாருங்கள். 12 வோல்ட் வரிசையில் 46 ஆம்பியர் என்று இருக்கிறது. பெருக்கினால் 552 வாட். செயலியும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட் மின்சாரத்தைத்தான். மற்ற வரிசைகளின் வாட்டைக் கூட்டி 750 என்று எழுதுவதால் அவற்றுக்கு ஒரு பயனும் இல்லை. ரைசன் 9 7950எக்ஸ் செயலிக்கு வழக்கமான உச்ச வரம்பே 230 வாட். ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ கார்டுக்கு 285 வாட். இரண்டும் சேர்ந்து 515. மதர்போர்டு, விசிறிகள், டிரைவுகளுக்கு மீதி 37 வாட். நீங்களோ ஓவர்க்ளாக் செய்யும்போது செயலியின் மின்வரம்பையே தளர்த்திவிட்டீர்கள்! கிராபிக்ஸ் கார்டு மில்லிநொடிக் கணக்கில் தன் அளவைத் தாண்டி மின்சாரம் இழுப்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். செயலியும் கார்டும் ஒன்றாக உழைக்கும் ரெண்டரிங்கில் பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. மாட்டு வண்டி அச்சில் லாரிப் பாரத்தை ஏற்றிவிட்டு, சாலை சரியில்லை என்கிறீர்கள்.

மதர்போர்டும் மாறித்தான் வந்தது. எக்ஸ்670இ என்று எழுதிவிட்டு, விலை குறைந்த பி650 ஒன்றைப் பொருத்தியிருக்கிறீர்கள். பி650 சிப்செட்டிலும் ஓவர்க்ளாக் செய்யலாம். அதைக் குறை சொல்லவில்லை. செயலிக்கு மின்சாரத்தைப் பதப்படுத்திக் கொடுக்கும் விஆர்எம் பகுதியைப் பாருங்கள். அதன் மேல்வரிசைக்கு வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடே இல்லை, கறுப்புச் சில்லுகள் வெறுமனே தெரிகின்றன. 16 கோர் (கணக்கிடும் அலகு) கொண்ட செயலியை வேகம் கூட்டி ஓட்டுவதற்கு இப்படி ஒரு பலகையை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? “ஸ்டாக் இல்லை, இதுவும் அதே தரம்தான்” என்று பின்னால் கிடைத்த பதில் பதிலாகாது. பொருத்துவதற்கு முன்னால் என்னைக் கேட்டிருக்க வேண்டும்.

கூலர் 360 மில்லிமீட்டர் நீர்வகை என்று பேசி, 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று மட்டும் உள்ள காற்றுக் கூலரைக் கொடுத்தீர்கள். இந்தச் செயலி முழுச் சுமையில் 95 டிகிரியைத் தொடுவது குறை ஆகாது, அப்படி வடிவமைக்கப்பட்டதுதான். ஆனால் எல்லாக் கோர்களும் 5.2 கிகாஹெர்ட்ஸில் ஓடும் என்றீர்களே, சில நிமிடங்களில் அது 4.6-க்கு இறங்கிவிடுகிறது. உங்கள் சோதனை அறையில் ஏசி ஓடுகிறது. பிப்ரவரி மாத டர்பன் வெயிலிலும் புழுக்கத்திலும் ஒரு சாதாரண வீட்டு அறை எப்படி இருக்கும் என்பது இதே ஊரில் கடை வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியாததா? அறை எவ்வளவு சூடோ அவ்வளவுக்குக் கூலரின் வேலை கூடும்.

பச்சைக் கட்டங்களுக்கு வருகிறேன். 64 ஜிபி ராம் நினைவகம் கேட்டேன். 32 ஜிபி கொண்ட இரண்டு பட்டைகளாகக் கொடுத்திருக்கலாம். நீங்கள் 16 ஜிபி பட்டைகள் நான்கைச் செருகி, டிடிஆர்5 6000 வேகத்துக்கு, ராமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்போ அமைப்பைப் போட்டுவிட்டீர்கள். அந்த நான்கும் ஒரே தொகுப்பாக வந்தவை அல்ல. இரண்டிரண்டாக விற்கும் இரு பெட்டிகளைப் பிரித்துச் சேர்த்தவை. ஒரு பெட்டியின் மேல் எழுதியிருக்கும் 6000 அந்த இரண்டு பட்டைகளுக்கான உறுதி மட்டுமே. ரைசன் 7000 வரிசைக்கு அதைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம் வெளியிட்டிருக்கும் அளவே இதைச் சொல்கிறது: இரண்டு பட்டைகள் என்றால் 5200, நான்கு என்றால் 3600. நான்கு பட்டைகளை 6000-இல் ஓட்டவே முடியாது என்று நான் சொல்லவில்லை. நல்ல பலகை, பொறுமை, மணிக்கணக்கான சோதனை இருந்தால் சில கணினிகளில் அது முடியலாம். உங்களிடம் சோதனை இல்லை. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட்டினேன், முதல் சுற்று முடிவதற்குள் சிவப்பு வரிகள் குவிந்துவிட்டன. ஓர் இரவு அதை ஓடவிட்டிருந்தால் உங்கள் கடையிலேயே பிழை பிடிபட்டிருக்கும். நின்றுபோகும் கணினியை எப்படியாவது சமாளிக்கலாம், ஏனென்றால் நின்றது தெரியும். பிழையோடு ஓடிக்கொண்டே இருக்கும் கணினி ஒருவரின் கல்யாணப் படத்தைக் கெடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று காட்டுகிறது. அதன் கையில் எந்தக் குடும்பத்தின் படத்தை நம்பி ஒப்படைப்பேன்?

இந்த ராம் அமைப்பைப் பிடித்து நிறுத்துவதற்காகச் செயலிக்குள் நினைவகத்தைக் கையாளும் பகுதிக்கான எஸ்ஓசி மின்னழுத்தம் 1.36 வோல்ட் வரை ஏற்றப்பட்டிருந்ததையும் பயாஸில், அதாவது மதர்போர்டின் அடிப்படை மென்பொருளில், கண்டேன். 2023-இல் ரைசன் 7000 எக்ஸ்3டி செயலிகள் சில கருகிய பிறகு, இந்த அழுத்தம் 1.3 வோல்ட்டைத் தாண்டாதபடி ஏஎம்டி வரம்பு கட்டி, புதிய பயாஸ் வழியாக அதை எல்லாப் பலகைகளுக்கும் கொண்டுவந்தது. நீங்கள் விற்ற பலகையில் இருப்பது அந்த வரம்புக்கு முந்தைய பயாஸ். புதுப்பித்துக் கொடுக்க சில நிமிடங்கள் போதும். பழுது பார்ப்பதாக எடுத்துச் சென்ற பிறகும் அதே பழைய பயாஸ்தான் இருக்கிறது. இதை அலட்சியம் என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

சும்மா இருக்கும்போது கணினி மறுபடி தொடங்குவது ஏன் என்று உங்கள் சேவைப் பிரிவுக்குப் புரியவில்லையாம். விண்டோஸ் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்திருந்தால் புரிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் வன்பொருள் பிழையைக் குறிக்கும் ஹியா-லாகர், நிகழ்வு எண் 18. கூடவே ஏபிஐசி எண் 4 அல்லது 5. இரண்டும் ஒரே கோரின் இரு முகவரிகள். நீங்கள் கோர்களின் மின்னழுத்தத்தைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் 16 கோர்களுக்கும் ஒரே அடியாக மைனஸ் 30 போட்டிருக்கிறீர்கள். எல்லாக் கோர்களும் ஒரே தரத்தில் அமைவதில்லை. ஒன்று 30 தாங்கும், இன்னொன்று 10-க்கே தடுமாறும். எல்லாக் கோர்களும் ஒன்றாக உழைக்கும்போது வேகம் தாழ்ந்திருப்பதால் இந்தத் தடுமாற்றம் வெளியே தெரியாது. வேலை குறைந்து, ஒரே ஒரு கோர் மட்டும் 5.7 கிகாஹெர்ட்ஸை எட்டிப் பிடிக்கும் கணத்தில், குறைத்துவிட்ட மின்னழுத்தம் அதற்குப் போதாமல் போகிறது. நீங்கள் சோதனைச் சான்றாகத் தந்தது செயலியின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் பத்து நிமிடம் ஓடிய திரைப்பதிவு ஒன்று. எல்லாக் கோர்களையும் ஒன்றாக ஓட்டும் அந்தச் சோதனையில் இந்தக் கோளாறு அகப்படவே படாது. கோர் கோராகச் சோதிக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை ஓட்டுவதற்குத்தானே தனிக் கட்டணம் வாங்கினீர்கள்?

பழுது பார்த்து நீங்கள் திருப்பி அனுப்பியபோது நடந்ததை வேடிக்கை என்று யாரும் எண்ண வேண்டாம். எனக்கு அது மிகுந்த மனவருத்தத்தைத் தந்தது. பயாஸை ஆலை அமைப்புக்குத் தள்ளிவிட்டு, “சரிசெய்யப்பட்டது” என்று சீட்டு ஒட்டியிருந்தீர்கள். ராம் 3600-க்கு இறங்கிவிட்டது, ஓவர்க்ளாக் போய்விட்டது. பச்சைக் கட்டங்களும் தானாக மறுபடி தொடங்குவதும் அதோடு நின்றன. கோளாறுக்குக் காரணம் உங்கள் அமைப்புகளே என்பதை உங்கள் பழுதுபார்ப்பே நிரூபித்துவிட்டது. நான் கட்டணம் கொடுத்து வாங்கிய வேகம் மட்டும் காணோம். கனமான ரெண்டரிங்கில் கணினி அணைவதோ இன்றுவரை தொடர்கிறது, அந்தப் பவர் சப்ளையை நீங்கள் தொடவே இல்லையே.

கடைசியாக வந்த உங்கள் மின்னஞ்சலில், ஓவர்க்ளாக் செய்த கணினிக்கு உத்தரவாதம் செல்லாது என்று எழுதியிருக்கிறீர்கள். செயலி தயாரிப்பாளரின் உத்தரவாதத்தில் அப்படி ஒரு நிபந்தனை இருப்பது உண்மை. ஓவர்க்ளாக் செய்தது யார்? அதைச் சேவையாக விளம்பரம் செய்து, பணம் வாங்கி, செய்து முடித்து, அதையே காரணம் காட்டிக் கையை விரிப்பது நியாயமா?

2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை நினைவூட்டுகிறேன். அதன் 55-ஆம் பிரிவின்படி, எந்தக் குறிப்பிட்ட தேவைக்காக வாங்குகிறேன் என்று வாடிக்கையாளர் சொல்லியிருந்தால், அந்தப் பொருளை வழக்கமாக விற்பவர் கொடுக்கும் பொருள் அந்தத் தேவைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். என் தேவை உங்கள் ஊழியரின் கையெழுத்தில் இருக்கிறது. 56-ஆம் பிரிவின்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறையுள்ளதைத் திருப்பிக் கொடுக்கலாம். பழுது, மாற்று, பணம் ஆகிய மூன்றில் எது என்று சொல்லும் உரிமை வாடிக்கையாளருடையது. ஒருமுறை பழுது பார்த்த பிறகு மூன்று மாதத்துக்குள் குறை தீரவில்லை என்றால் மாற்றுப் பொருளோ பணமோ கொடுத்தே ஆக வேண்டும். இரண்டு கெடுவும் இன்னும் முடியவில்லை.

மாற்றுக் கணினி தருவதாக இருந்தால் அதில் இருக்க வேண்டியவை இவை. 12 வோல்ட் வரிசையில் மட்டுமே 850 வாட்டுக்குக் குறையாமல் தரும் பவர் சப்ளை. விஆர்எம் முழுவதும் உலோகத் தகடு மூடிய மதர்போர்டு, அதில் புதுப்பித்த பயாஸ். ஒரே பெட்டியில் வந்த 32 ஜிபி பட்டைகள் இரண்டு. பேசியபடி 360 மில்லிமீட்டர் கூலர். ஓர் இரவு முழுவதும் ஓடிய மெம்டெஸ்ட்86 அறிக்கையும், கோர் கோராகச் சோதித்த பதிவும், ஏசி இல்லாத அறையில் எடுத்த வெப்ப அளவுகளும் கணினியோடு வர வேண்டும். அந்தச் சோதனைகளில் 5.2 நிற்கவில்லை என்றால் 5.0 போதும். நிற்கும் வேகம் எதுவோ அதை எழுதிக் கொடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். இது முடியாது என்றால் கட்டணம் உட்பட முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள்.

இக்கடிதம் கிடைத்த 10 வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், நுகர்வோர் பொருட்கள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளரிடமும், தேவைப்பட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்திடமும் இதே ஆவணங்களோடு முறையிடுவேன். சட்டப்படி திருப்பி எடுத்துச் செல்லும் செலவும் பொறுப்பும் உங்களுடையவை. ஆகவே வண்டி அனுப்பும் நாளை முன்கூட்டியே தெரிவியுங்கள். வெள்ளி, சனிக்கிழமைகளில் நான் படப்பிடிப்பில் இருப்பேன். மற்ற நாட்களில் காலை 10 மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன். என் கோப்புகள் உள்ள டிரைவைக் கழற்றி வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதனதன் பெட்டியில் போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.

இணைப்பு: ரசீது, விலைப்பட்டியல், ஆர்டர் படிவம், பவர் சப்ளை அட்டவணையின் புகைப்படம், மெம்டெஸ்ட்86 அறிக்கை, நிகழ்வுப் பதிவேட்டின் நகல், யுபிஎஸ் பதிவு.