பழைய கண்ணாடிக்கு டிஷ்வாஷர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழங்காலக் கண்ணாடிப் பொருட்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், அவற்றை டிஷ்வாஷரில் கழுவலாம் என்றிருந்தது. தயவுசெய்து வேண்டாம். சூடும் காரச் சோப்பும் சேர்ந்து மேற்பரப்பையே அரித்துவிடும். அதனால் படரும் வெண்மூட்டம் கறை அல்ல, எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. விளிம்பின் பொன் பூச்சும் உரிந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, தொட்டியின் அடியில் ஒரு துண்டு. அவ்வளவு போதும்.

அப்புறம், வாங்கும்போது அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். நான் முதலில் தேடுவது அதைத்தான். ஊதிச் செய்ததென்றால், செய்யும்போது பிடித்திருந்த இரும்புக் கோலிலிருந்து உடைத்தெடுத்த வடு பெரும்பாலும் நடுவில் விரலுக்குத் தட்டுப்படும். சிலவற்றில் அதைத் தேய்த்து வழவழப்பாக்கியிருப்பார்கள். என்னிடமுள்ள இளம்பச்சைத் தட்டு புறஊதா விளக்கில் பளீரென ஒளிரும். யுரேனியம் கலந்த கண்ணாடி அது. பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் ரெனே லலீக் 1945-இல் இறந்தபின் அவரது நிறுவனத்திலிருந்து வந்தவற்றின் கையெழுத்தில், அவர் பெயரின் முதலெழுத்தான 'ஆர்' (R) இருக்காது. இதையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.

இப்படிக்கு,
கண்ணாடி சேகரிக்கும் வாசகி